சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பவளம்

வீடு வீடாகப் போய்க் கடல்நீர் மீன்தொட்டிகளைப் பராமரித்த என் ரூட்டை உங்கள் நாலு பேருக்கும் பிரித்துக் கொடுத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. முட்டி ஒத்துழைக்கவில்லை. தொட்டிக்கு அடியில் குனிந்தால் நிமிர்வதற்கு வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டும் என்ற நிலை வந்ததும், இனி உப்பு வாளியைத் தூக்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். போன வாரம் நீங்கள் அறந்தாங்கிக்கு வந்து, "உங்க அனுபவத்த எழுதித் தாங்கண்ணே, எங்களுக்கு ஆகும்" என்று கேட்டீர்கள். அப்போது சரி என்று தலையாட்டிவிட்டேன். பேனாவை எடுத்தபின்தான் உங்களுக்குத் தெரியாதது எனக்கு என்ன தெரியும் என்று யோசித்தேன்.

உப்பை எந்த அளவில் கலப்பது, கால்சியம் எவ்வளவு இருக்க வேண்டும், எந்தச் சொட்டை எந்தக் குப்பியில் விடுவது, இதெல்லாம் உங்கள் போனிலேயே இருக்கிறது. டெஸ்ட் குப்பியைப் படம் எடுத்தால் நிறத்தைப் பார்த்து எண்ணைச் சொல்லிவிடும் ஆப் ஒன்றையும் காட்டினீர்கள். நல்லது. எனக்கும் எண்கள் என்றால் உயிர். இந்த வேலைக்கு வருமுன் ஒரு பள்ளிக்கூடத்து வேதியியல் லேபில் உதவியாளனாக இருபது வருஷம் பியூரெட் கழுவியவன் நான். எண் பொய் சொல்லாது என்று நம்பித்தான் வாழ்ந்தேன். இப்போதும் அது பொய் சொல்லும் என்று சொல்ல வரவில்லை. ஒரு வீட்டில் எண் உண்மையைச் சொன்னது, நான்தான் அதைத் தப்பாகக் கேட்டுக்கொண்டேன். அந்த வீட்டைப் பற்றி மட்டும் எழுதித் தருகிறேன்.

கோட்டைப்பட்டினத்துப் பக்கம், கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் ஊர். அந்த வீட்டுக்காரரை நான் பாய் என்றுதான் கூப்பிடுவேன். இருபது வருஷம் வளைகுடாவில் இருந்துவிட்டுத் திரும்பியவர். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்க, வீட்டுக்குள் இன்னொரு கடல் வேண்டும் என்று ஆசைப்பட்டார். நம் பக்கத்துக் கடல் சேற்றுக் கடல். பால் கலந்த டீ நிறத்தில் சத்தமில்லாமல் கிடக்கும். பாய்க்கு வேண்டியிருந்தது அவர் அங்கே பார்த்த நீலம். வடிகட்டிய நீரில் பாக்கெட் உப்பைக் கலந்து அந்த நீலத்தை நாங்கள் தயாரித்தோம். அதில் ஒரே ஒரு கிளைப் பவளம். நம் கடலில் ஒரு துண்டுப் பவளத்தைக்கூடத் தொடக்கூடாது, சட்டம் உள்ளே தள்ளிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். இது முறையான தாள்களோடு வந்த வளர்ப்புத் துண்டு. வந்தபோது கட்டைவிரல் நகம் அளவு. ஐந்து வருஷத்தில் இரண்டு உள்ளங்கையைச் சேர்த்து விரித்த அளவுக்கு வளர்ந்திருந்தது.

தொட்டி இருந்த விதத்தை நீங்கள் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஹாலுக்கும் பக்கத்து அறைக்கும் நடுவில் சுவரை உடைத்து அதில் பதித்திருந்தார்கள். கண்ணாடி முகம் ஹாலைப் பார்த்திருக்கும். பின்புறக் கண்ணாடிக்கு நீலப் பெயின்ட். மோட்டார், வடிகட்டி, மீட்டர் எல்லாம் பக்கத்து அறையில். அந்த அறைக்குச் சந்துப் பக்கமாகத் தனி வாசல். தொட்டிக்கு மேலே இரண்டு அறைக்கும் பொதுவாக ஒரு முழம் இடைவெளி. பாய் தினமும் மாலை அஸர் தொழுதுவிட்டு வந்து, ஹாலின் கதவைச் சாத்தி, ஏசியைப் போட்டுக்கொண்டு, பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்கிற வரைக்கும் அந்தக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருப்பார். அவர் மனைவிக்கு இது கட்டோடு பிடிக்காது. "ஒரு கல்ல வச்சுக்கிட்டு கரண்ட்ட கரியாக்குறாக" என்று எனக்குக் கேட்கும்படியே சொல்லுவார். ஆனால் எனக்கு டீ மட்டும் தவறாமல் வரும்.

பாய் திடீரென்று போய்விட்டார். நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

அடக்கம் முடிந்த நாலாம் நாள் அவருடைய அண்ணன் என்னை வரச் சொன்னார். பெரிய பாய் என்று அவரைச் சொல்லுவோம். சந்து வாசலிலேயே நிறுத்திப் பேசினார்.

"சாவு வீட்டுல எதுக்குண்ணே இந்தத் தொட்டியும் வெளிச்சமும்? எடுத்துரலாம்னேன். தம்பி சம்சாரம், அந்தப் புள்ள கேக்க மாட்டேங்குது. சரி, உசுரோட இருக்கிற வரைக்கும் இருக்கட்டும். செத்து நாறிப்போச்சுன்னா மறுநாளே எடுத்துருவேன். நீங்களும் குறுக்க பேசக்கூடாது."

"சரிங்க பாய்."

"இன்னொண்ணு. அது இத்தா இருக்கு. ஹாலுக்குள்ள நீங்க போக முடியாது. தேவைக்கு ரெண்டு வார்த்த பேசிக்கிறலாம், பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்ட கேட்டுட்டேன்."

இத்தா என்பது கணவனை இழந்த பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் ஒதுங்கி இருக்கும் காலம். அந்நிய ஆண்கள் பார்க்கக்கூடாது. அந்த அம்மாள் இருக்கத் தேர்ந்தெடுத்த இடம் அந்த ஹால். ஜன்னல்களைச் சாத்தித் திரை போட்டிருந்தார்கள். தொட்டிக்கு மேலே இருந்த இடைவெளியையும் என் பக்கம் முழுக்க மூடி ஒரு வெள்ளைத் துணி தொங்கியது. நான் பக்கத்து அறைக்குள் போய் வாளியை வைத்த சத்தம் கேட்டதும் துணிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"அண்ணே, ஆஸ்பத்திரிக்குக் கெளம்பும்போதுகூட அவுக இந்தக் கண்ணாடிகிட்ட நின்னுட்டுத்தான் போனாக. எனக்கு இது வேணும்ணே. இத்தா முடியிற வரைக்குமாச்சும் இது உசுரோட இருக்கணும். நீங்கதான் பாத்துக்கிறணும்."

அதுவரை என்னிடம் கரண்ட் பில்லைப் பற்றி மட்டுமே பேசியிருந்த குரல் அது. நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. கண் கலங்கிவிட்டது, அது நினைவிருக்கிறது.

இப்படியாக ஒரு விசித்திரமான ஏற்பாடு தொடங்கியது. நீர் என் கையில் இருந்தது. பவளம் அவர் கண்ணில் இருந்தது. என்னால் எதையும் அளக்க முடியும், எதையும் பார்க்க முடியாது. வியாழக்கிழமை தோறும் மாலையில்தான் அந்த ஊர்ப் பக்கம் எனக்கு முறை. அன்று பெண்கள் ஹாலில் கூடி, இறந்தவருக்காகக் குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதுவார்கள். நான் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து சொட்டுகளை எண்ணிக்கொண்டிருப்பேன். மோட்டாரின் மெல்லிய இரைச்சல். துணியின் விளிம்பில் கசிந்து விட்டத்தில் நெளியும் நீல வெளிச்சம். அந்தப் பக்கம் பல குரல்கள் ஒரே குரலாக ஓதுவது நீரைத் தாண்டி வரும்போது சொற்கள் கரைந்து வெறும் ராகமாகத்தான் எனக்குக் கேட்கும். எத்தனையோ நாள் குப்பியைக் கையில் பிடித்தபடியே எங்கேயோ போய்விட்டு, எத்தனையாவது சொட்டு என்று மறந்து, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணியிருக்கிறேன். கடலுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறோமோ என்று தோன்றும். வேலை நேரத்தில் இப்படி மிதக்கலாமா என்று கேட்காதீர்கள். மிதந்தேன், அவ்வளவுதான்.

ஓதி முடித்ததும் நான் கேட்பேன். அவர் சொல்லுவார்.

"கலரு எப்படி இருக்கும்மா?"

"கத்தரிப்பூ கலருண்ணே. நுனி மட்டும் கொஞ்சம் வெளுப்பு. சின்னச் சின்ன ரோமமா வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு."

ரோமம் வெளியே நீட்டியிருந்தால் பவளம் சாப்பிடுகிறது, சுகமாக இருக்கிறது என்று பொருள். நுனி வெளுப்பு என்றால் வளர்கிறது. ஐந்து வருஷம் அதைக் கல் என்று திட்டியவர் ஒரு மாதத்தில் இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கக் கற்றுக்கொண்டார். நான் அதைக் காதில் வாங்கினேனே தவிர மதிக்கவில்லை. அவர் சொல்வது துக்கத்தில் இருப்பவரின் பேச்சு, என் மீட்டர் சொல்வதுதான் கணக்கு என்று எனக்குள் ஒரு திமிர்.

நாற்பதாம் நாள் பாத்திஹா நெருங்கிய வாரத்தில் மீட்டரில் பிஎச் 7.7 காட்டியது. வழக்கமாக 8.1, 8.2 என்று இருக்கும் நீர். நீர் புளித்துக்கொண்டு போகிறது, இப்படியே போனால் பவளத்தின் கல்லே கரையும் என்று பயந்தேன். பஃபர் தூளைக் கரைத்து ஊற்றினேன். பஃபர் என்றால் வேறொன்றும் இல்லை, ஆப்பசோடாவின் பணக்கார உறவினர். ஊற்றினால் பிஎச் கொஞ்சம் ஏறும். அடுத்த வியாழன் போனால் மறுபடி 7.7. மறுபடி ஊற்றினேன். அதற்கடுத்த வியாழன் 7.6. எனக்குக் கோபமே வந்துவிட்டது. தினமும் தானாகச் சொட்டுவிடும் பம்பிலும் பஃபரை ஏற்றி வைத்தேன்.

நான் கலக்குகிற சத்தம் கேட்டுத் துணிக்கு அப்பால் இருந்து குரல் வந்தது.

"அண்ணே, அது நல்லாத்தான் இருக்கு. ரோமமெல்லாம் நீட்டிக்கிட்டுத்தான் இருக்கு. எதுக்கு என்னத்தையோ ஊத்துறீங்க?"

"மீட்டரு கொறச்சுக் காட்டுதும்மா."

"மீட்டரு இதப் பாத்துச்சாண்ணே?"

நான் சிரித்து மழுப்பிவிட்டேன். இன்றைக்கும் அந்தக் கேள்வி நினைவுக்கு வந்தால் கூச்சமாக இருக்கிறது.

மறுவாரம் நான் வாளியை வைப்பதற்குள் அவர் பேசிவிட்டார். குரல் உடைந்திருந்தது.

"அண்ணே, நுனியெல்லாம் வெள்ளையாயிருச்சு. பழைய வெளுப்பு இல்ல, எலும்பாட்டம் வெள்ள. ரோமத்த எல்லாம் உள்ள இழுத்துக்கிருச்சு. செத்துப்போகப் போகுதா?"

மூன்று வாரமாக நான் பிஎச்சையே பார்த்துக்கொண்டு ஆல்க்கைச் சோதிக்கவில்லை. நீர் எவ்வளவு காரத்தைத் தாங்கி வைத்திருக்கிறது என்று காட்டும் அளவு அது. பஃபர் ஊற்றுகிறவன் முதலில் பார்க்க வேண்டியதே அதைத்தான். இதை லேபில் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். நீலம் மஞ்சளாகும் வரை சொட்டு விட்டேன். எட்டுச் சொட்டில் மாற வேண்டிய நிறம் பன்னிரண்டாவது சொட்டில்தான் மாறியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், மறுபடி செய்தேன். பன்னிரண்டுதான். நோய் எதுவும் இல்லை. பஃபரின் காரத்தை ஏற்றி ஏற்றி நான்தான் அதன் நுனியைச் சுட்டிருக்கிறேன்.

வெளியே வந்து சந்தில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். உள்ளே யாசீன் ஆரம்பித்துவிட்டிருந்தது. கண்ணெதிரே செருப்புகள். ஓத வந்த பெண்கள் அந்தச் சந்தில் இருந்த இன்னொரு வாசல் வழியாகத்தான் ஹாலுக்குப் போவார்கள். ஒவ்வொரு வாரமும் அவற்றை மிதித்துவிடாமல் காலைத் தூக்கி வைத்துத்தான் நான் வந்துகொண்டிருந்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் சும்மா எண்ண ஆரம்பித்தேன். முப்பத்திநாலு ஜோடி. முதல் வாரங்களில் பத்துப் பன்னிரண்டுதான் கிடக்கும், நாற்பதாம் நாள் நெருங்கியதிலிருந்து கூட்டம் பெருகியிருந்தது.

முப்பத்திநாலு பேர். ஜன்னல் சாத்தின ஹால். ஏசி. சத்தம்போட்டு ஓதுகிற முப்பத்திநாலு வாய்கள்.

அந்த ஹாலின் காற்று முழுக்க அவர்கள் விட்ட மூச்சு. அது தொட்டி நீரில் கரைகிறது. கரைந்தால் பிஎச் இறங்கும், அவர்கள் போனபின் தானாக ஏறிவிடும். ஆறு நாள் சுகமாக இருந்த நீரை, நான் வியாழக்கிழமை மட்டும் வந்து பார்த்துவிட்டு நோயாளி என்று முடிவு கட்டியிருக்கிறேன். மீட்டர் சரியாகத்தான் சொன்னது. அது தொட்டியைப் பற்றிச் சொல்லவில்லை, வீட்டைப் பற்றிச் சொன்னது.

ஆனால் அதையும் சரிபார்க்காமல் நம்பிவிடக்கூடாது என்கிற அளவுக்கு அப்போது புத்தி வந்திருந்தது. பஃபர் சொட்டும் பம்பை மட்டும் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் வெள்ளிக்கிழமை காலை, வேலை இல்லாவிட்டாலும் போனேன். வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு. மீட்டரில் 8.1.

பெரிய பாய் எனக்கு முன்னாலேயே அங்கே நின்றார்.

"செத்துப்போச்சாமே?"

"இல்லங்க பாய். நுனி வெந்துருச்சு. என் தப்பு. நான் ஊத்துனதுதான்."

பழியை உப்பு மீதோ கரண்ட் மீதோ போடுவேன் என்று எதிர்பார்த்திருப்பார் போல.

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

அந்த நேரத்தில் என் மனதில் இருந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும். பாதி நீரை எடுத்துவிட்டுப் புதுநீர் ஊற்றினால் ஒரு மணி நேரத்தில் ஆல்க் பத்துக்கு வந்துவிடும். எண் அழகாகிவிடும். நானும் ஏதோ செய்தேன் என்று பெரிய பாய்க்குத் தோன்றும். கை அரித்தது. ஆனால் மூன்று வாரத்தில் ஏறினதை ஒரு மணி நேரத்தில் இறக்கினால் அது இரண்டாவது அடி. வெந்த இடத்தில் இன்னொரு அடியைப் பவளம் தாங்காது.

"ரெண்டு வாரம் ஒண்ணும் செய்யாம விடணும் பாய். அதுவா இறங்கட்டும்."

"ஒண்ணும் செய்யாம இருக்கிறதுக்கு நீங்க எதுக்குண்ணே?"

"யாரும் ஒண்ணும் செஞ்சுறாம பாத்துக்கிறதுக்குத்தான் பாய். என்னையும் சேத்து."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்பி போனபின் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். "ரெண்டு வாரம். அதுக்கு மேல கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனார்.

செய்தது ஒன்றே ஒன்று. நீரில் குமிழி விட்டு அழுக்கை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர், அறையின் காற்றைத்தான் இழுத்துக்கொண்டிருந்தது. அதன் வாயில் ஒரு நீளமான டியூபை மாட்டி, ஜன்னல் கட்டையில் இருந்த ஓட்டை வழியாக வெளியே விட்டேன். வேப்ப மரத்தடிக் காற்று, கொஞ்சம் கடலும் கலந்தது, அது வழியாக நீருக்குள் போகத் தொடங்கியது. ஹாலின் ஜன்னலைத் திறக்க வேண்டியதில்லை. ஓத வருகிறவர்களை யாரும் தடுக்க வேண்டியதில்லை.

"என்னண்ணே மாட்டுறீங்க?" என்று துணிக்கு அப்பால் இருந்து அந்த அம்மாள் கேட்டார்.

"நீங்க எல்லாரும் விடுற மூச்ச தண்ணி குடிச்சிருதும்மா. அதான் மீட்டரு இறங்குச்சு. நான்தான் தப்பா நெனச்சுட்டேன். இனிமே வெளிக்காத்து கொஞ்சம் போகட்டும். நீங்க சொன்னதக் கேட்டுருக்கணும். மன்னிச்சுக்கங்க."

அவர் "எங்க மூச்சா?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டு வாரமும் முறை பார்க்காமல் தினமும் போனேன். ஆல்க் பன்னிரண்டிலிருந்து நாளுக்குக் கொஞ்சமாக இறங்கியது. அவர் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதிக்கொண்டேன், எண்களுக்குப் பக்கத்திலேயே, அதே மையில். 'இன்றும் உள்ளே இழுத்தபடி.' 'அடிக்கிளையில் இரண்டு ரோமம்.' பதினோராம் நாள் நான் கேட்காமலேயே சொன்னார்: "அண்ணே, வெள்ளைக்கு மேல லேசா கத்தரிப்பூ ஏறுது. மொதல்ல எனக்கே நம்பிக்கையில்ல. கண்ணத் தொடச்சுட்டுப் பாத்தேன். ஏறுதுண்ணே." நான் ஸ்டூலில் உட்கார்ந்தபடி அழுதேன். துணி தொங்கியது நல்லதாகப் போயிற்று.

இத்தா முடிந்த மறுநாள் பெரிய பாய் போன் செய்தார். இந்த முறை முன்வாசல் வழியாக வரச் சொன்னார். ஹாலில் ஜன்னல்கள் திறந்திருந்தன. அந்த அம்மாள் முக்காடு போட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார். பாதியாக இளைத்திருந்தார். நாலு மாதம் குரலாகவே தெரிந்தவரை முகத்தோடு பார்க்க எனக்கு என்னவோ போலிருந்தது. கண்ணாடிக்குள் பவளம் நின்றது. நுனிகளில் ஒரு மெல்லிய வரை, நான் சுட்ட இடம். அந்த வரைக்கு மேலே புதுக்கிளை அரை விரற்கடை ஏறியிருந்தது.

அவர் அதைப் பார்த்தபடியே கேட்டார்.

"அண்ணே, எங்க மூச்ச தண்ணி குடிக்குதுன்னீங்கள்ல. தண்ணி குடிச்சத இது என்ன செய்யும்?"

"கால்சியத்தோட சேத்து கல்லாக்கிக்கிரும்மா. அதுலதான் வளருது."

"அப்ப அவுக அஞ்சு வருஷமா இங்க உக்காந்து விட்ட மூச்சும் இதுக்குள்ள இருக்குமா?"

பெரிய பாய் என்னைப் பார்த்தார். நான் லேபில் வளர்ந்தவன், துக்கத்தில் இருப்பவரிடம் இனிப்பாக ஒரு பொய் சொல்லக் கூசும். எவ்வளவு பங்கு என்று அளக்க என்னிடம் கிட் இல்லை. ஆனால் இல்லை என்றால் அதுதான் பொய். மூடிய அறை, ஒரே மனிதர், தினமும் இரண்டு மணி நேரம், ஐந்து வருஷம்.

"இருக்கும்மா" என்றேன். "கீழ இருக்கிறதெல்லாம் பாய் இருந்தப்ப வளந்தது. அந்தக் கோட்டுக்கு மேல இருக்கிறது நீங்களும், ஓத வந்தவுகளும்."

பெரிய பாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார். தொட்டியை எடுப்பது பற்றி அதன்பின் அவர் வாயைத் திறக்கவில்லை. அந்த அம்மாள் கண்ணாடிக்கு அருகே போய், அடிக்கிளைகள் இருக்கும் உயரத்துக்குக் குனிந்து, வெகுநேரம் பார்த்தார். அவர் மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கி மங்கித் தெளிந்தது.

நான் கிளம்பும்போது கூப்பிட்டார்.

"அண்ணே, அந்த டியூப கழட்டிருங்க. நான் இங்கதான் இருக்கப் போறேன்."

ஒரு ஆளுடைய மூச்சு அந்தத் தொட்டியை ஒன்றும் செய்யாது. பக்கத்து அறைக்குப் போய் டியூபைக் கழற்றிச் சுருட்டிப் பையில் போட்டேன். மீட்டர் அங்கேயேதான் இருந்தது. உங்களில் யாராக இருந்தாலும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பீர்கள், அதில் தப்பும் இல்லை. நான் அன்றைக்கு மட்டும் பார்க்கவில்லை.